பதினொருவரில் எவர்? ஒரு பழைய தர்க்கத்தின் வரலாறு

மாசி கழிந்து பங்குனி நெருங்கும் காலத்தில் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு தர்க்கம் ஆண்டுதோறும் எழுவதுண்டு. யாழ். மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையில் 1904ஆம் ஆண்டு தொடங்கிய துடுப்பாட்டப் போட்டியே அதற்குக் காரணம். ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்று பத்திரிகைகள் தலைப்பிடும் அப்போட்டியின் முதற்பந்து வீசப்படுவதற்குப் பல நாட்கள் முன்னரே வாய்ச்சமர் தொடங்கிவிடும். அணித்தலைவர் யார், முதலாவதாகக் களமிறங்குவோர் யார், இரண்டாவது சுழற்பந்து வீச்சாளர் வேண்டுமா வேண்டாமா என்பவையெல்லாம் தேநீர்க்கடையிலும் சிகையலங்கார நிலையத்திலும் ஆராயப்படும். போன கிழமை ஐம்பது ஓட்டங்கள் எடுத்த பெடியனை ஏன் வெளியில் இருத்தினார்கள் என்று, பந்தைக் கையால் தொட்டு முப்பது ஆண்டுகளான பழைய மாணவர் ஒருவர் கேட்பார். புனித பத்திரிசியார் கல்லூரியும் யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதும் ‘பொன் அணிகளின் போர்’ வரும்போதும் இதே கதைதான்.

பத்திரிகைத் தொழிலில் இருப்போர் இத்தர்க்கத்தை நன்கறிவர். போட்டியின் முடிவைப் பிரசுரித்தால் ஒருவரும் தொலைபேசி எடுப்பதில்லை. தெரிவு செய்யப்பட்ட அணியின் பெயர்ப்பட்டியலைப் பிரசுரித்தால் மறுநாட் காலை முழுவதும் பதில் சொல்ல நேரும்.

இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ‘பதினொருவரில் எவர்?’ என்ற கேள்விக்குள் உண்மையில் மூன்று கேள்விகள் மறைந்திருக்கின்றன. சிறந்தவர் யார் என்பது முதலாவது. நம்மவர் யார் என்பது இரண்டாவது. ஒப்பிட்டுப் பார்க்கப்படும் இடம்வரை வந்துசேர வழி கிடைத்தவர்கள் யார் என்பது மூன்றாவது. இரசிகர்கள் முதலிரண்டிலும் தொண்டை வரளத் தர்க்கிக்கிறார்கள். வரலாறோ பெரும்பாலும் மூன்றாவதிலேயே தீர்மானமாகியிருக்கிறது.

இது நமக்கு மட்டும் உரிய விடயமன்று. அமெரிக்க உதைபந்தாட்டத்தில் பந்தை முதலில் ஏந்தி, எவருக்கு எறிவது என்று கணப்பொழுதில் முடிவெடுத்து, ஆட்டத்தை நடத்துகின்ற வீரரை ‘குவாட்டர்பேக்’ என்பார்கள். அந்த இடம் ஒருவருக்கே உரியது. ஆதலால் இருவரில் எவரை இறக்குவது என்பது அந்நாட்டு இரசிகர்களின் ஓயாத வழக்கு. அந்த வழக்குக்குக் கீழே நீண்டகாலம் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. ஓடுவதற்கும் மோதுவதற்கும் கறுப்பின வீரர்கள் ஏற்கப்பட்டனர். சிந்தித்து நடத்தவேண்டிய அந்த ஓரிடத்துக்கு மட்டும் அவர்கள் பொருந்தார் என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. 1988 ஜனவரியில் வொஷிங்ரன் அணியின் டக் வில்லியம்ஸ் அந்த இடத்தில் நின்று, டென்வர் அணியை 42க்கு 10 என்று தோற்கடித்து வெற்றிக்கிண்ணத்தைப் பெற்றுக்கொடுத்தார். அந்த இடத்தில் முதலாவதாக இறங்கி ‘சுப்பர் போல்’ இறுதியாட்டத்தை வென்ற முதற் கறுப்பினத்தவர் அவரே.

நமது விளையாட்டுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் மேற்கிந்தியத்தீவுகளில் உண்டு. 1948 ஜனவரியில், பிறிஜ்டவுனில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்த டெஸ்ட் போட்டியில், ஜோர்ஜ் ஹெட்லி மேற்கிந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். அந்த அணிக்கு டெஸ்ட் ஒன்றில் தலைமை வகித்த முதற் கறுப்பினத்தவர் அவர். ஆனால் அது அந்த ஒரு போட்டியோடு முடிந்தது. முழுத் தொடர் ஒன்றுக்குக் கறுப்பினத்தவர் ஒருவரைத் தலைவராக்குவதற்கு 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிராங்க் வொறலுக்காகத் தம் பத்திரிகையில் விடாது எழுதிய சி. எல். ஆர். ஜேம்ஸ், தலைவர் யார் என்ற கேள்வி மைதானத்தின் எல்லைக்கோட்டோடு நின்றுவிடுவதில்லை என்று வாதிட்டார். வொறல் தலைமையில் அணி அவுஸ்திரேலியாவில் ஆடிய முதலாவது டெஸ்டே இரு தரப்பும் சமமான ஓட்டங்களுடன் முடிந்த புகழ்பெற்ற பிறிஸ்பேன் போட்டியாகும்.

ஹெட்லிக்கு அந்த ஒரு போட்டி கிடைத்த அதே 1948இல், மார்ச் மாதத்தில், சேர் டொன் பிறட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும் வழியில் கொழும்பில் இறங்கி ஒருநாள் ஆடியது. சுதந்திரம் பெற்று இரண்டு மாதம்கூட நிறையாத இலங்கையின் அணிக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவ சதாசிவம் என்ற தமிழர். முந்திய ஆண்டு சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் குவித்தவர். அவருடைய துடுப்பாட்டத்தின் அழகைக் கண்டவர்கள் முதுமையிலும் வாயூறப் பேசினார்கள்.

தலைமைக்கு அவரே பொருத்தமானவரா என்ற கேள்வி அக்காலத்திலேயே இருந்தது. மறுபக்கத்தில் எப். சி. டி சேரம் இருந்தார். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துக்காக ஆடி, 1934இல் அவுஸ்திரேலியருக்கு எதிராக 128 ஓட்டங்கள் பெற்றவர். கண்டிப்பும் ஒழுங்கும் நிறைந்தவர். சதாசிவமோ மனம்போன போக்கில் வாழ்ந்த மேதை. ஆற்றலுக்கு முதலிடமா, ஒழுங்குக்கு முதலிடமா என்ற வழக்கு எந்த நாட்டிலும் எந்த அணியிலும் உண்டு. ஆனால் கொழும்பின் கழகங்களுக்கு இனங்களின் பெயரே சூட்டப்பட்டிருந்தது: சிங்கள விளையாட்டுக் கழகம், தமிழ் யூனியன், சோனகர் கழகம், பறங்கியர் கழகம். எந்த இனத்தின் பெயரும் வேண்டாம் என்றவர்கள்கூட அந்த ‘வேண்டாம்’ என்பதையே பொருளாகக் கொண்டு ‘நொண்டிஸ்கிறிப்ற்ஸ்’ என்று பெயரிட்டுக்கொண்டார்கள். இத்தகைய ஏற்பாட்டில், இருவரில் எவர் தலைவர் என்ற கேள்வி எவ்வளவு தூய்மையாகத் தொடங்கினாலும், எந்தக் கழகத்தவர், எந்த இனத்தவர் என்ற இடத்தில் வந்து நிற்பது எளிது. சில ஆண்டுகளில் தலைமை டி சேரத்திடம் சென்றது. சதாசிவம் பிற்காலத்தில் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் தலைமை தாங்கினார். மூன்று நாட்டு அணிகளுக்குத் தலைவராயிருந்தவர் என்ற பெருமை அவருக்கு உண்டு.

யாழ்ப்பாணத்தவர் இக்கதையைச் சொல்லும்போது தமிழருக்கும் சிங்களவருக்கும் நடந்த போட்டியாகவே சொல்லிப் பழகிவிட்டோம். சற்று விலகி நின்று பார்த்தால் வேறொன்று புலப்படும். சதாசிவம் கொழும்பு வெஸ்லிக் கல்லூரியில் கற்றவர். டி சேரம் கொழும்பின் உயர்குடிச் சட்டத்தரணி. இருவரும் ஆங்கிலம் பேசிய ஒரே நகரத்து மேல்வட்டத்தின் பிள்ளைகள். அந்த வட்டத்தின் காலம் முடிந்துகொண்டிருந்தது என்பதற்கும் டி சேரத்தின் வாழ்க்கையே சாட்சி: 1962 ஜனவரியில் நடந்த அரசுக்கவிழ்ப்பு முயற்சியில் முன்னணியில் நின்றவர்களுள் கேணல் டி சேரமும் ஒருவர். பருத்தித்துறையிலோ வட்டுக்கோட்டையிலோ பந்தெறிந்துகொண்டிருந்த ஒரு பையனுக்கு இருவரும் ஒரே தூரத்திலேயே இருந்தார்கள். தேசிய அணிக்குச் செல்லும் பாதை கொழும்பின் கழகங்களுக்கூடாகவே சென்றது.

அதே 1948இன் நவம்பரில் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் இலட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. மார்ச்சில் ஒரு தமிழர் இலங்கையின் அணித்தலைவர். நவம்பரில் தோட்டத் தொழிலாளத் தமிழர் இலங்கையரே அல்லர். உச்சியில் ஒருவருக்குக் கிடைக்கும் ஆசனம் அடியில் உள்ளவர்களுக்கு எதனையும் உறுதிசெய்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பிறருடைய வாசலைப் பற்றிப் பேசும்போது நம்முடைய வாசலையும் பார்ப்பது நேர்மை. யாழ்ப்பாணத்துத் துடுப்பாட்டம் மிசன் கல்லூரிகளில் முளைத்தது. கட்டணம் செலுத்திக் கற்கக்கூடியவர்களின் விளையாட்டாகவே நெடுங்காலம் இருந்தது. 1920களின் பிற்பகுதியில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் போன்றோர் ‘சம ஆசனம், சம போசனம்’ என்று குரல்கொடுக்க வேண்டியிருந்தது ஏன்? ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு வகுப்பறை வாங்கில் இருக்கும் உரிமையே இருக்கவில்லை. சம ஆசனம் வழங்கிய குற்றத்துக்காகப் பாடசாலைகள் எரிக்கப்பட்ட வரலாறும் நமக்கு உண்டு. வகுப்பில் வாங்கு மறுக்கப்பட்டவன் அணியின் ஒதுக்குவாங்கில் இருப்பதெங்ஙனம்? 1945இல் இலவசக் கல்வி வந்த பின்னரே கதவு மெல்ல அகன்றது. கரையோர ஊர்களான குருநகர், பாஷையூர், நாவாந்துறை முதலியவற்றின் இளைஞர்கள் உதைபந்தாட்டத்தைத் தமதாக்கிக்கொண்டதற்கு அவர்களின் உடல்வலு மட்டும் காரணமன்று. அவ்விளையாட்டுக்கு ஒரு பந்தும் ஒரு வெளியும் போதும். கல்லூரியின் அனுமதி தேவையில்லை. ஆகவே, ‘பதினொருவரில் எவர்?’ என்று பெருஞ்சமரின்போது நாம் நிகழ்த்திய தர்க்கம், ஏற்கெனவே வடிகட்டப்பட்ட ஒரு சிலருக்குள் நிகழ்ந்த தர்க்கமே.

பின்னர் போர் வந்தது. பெருஞ்சமர் தடைப்பட்ட ஆண்டுகளும் உண்டு. 1990 முதல் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருட்கள். பத்திரிகைகள் கொப்பித்தாளில் அச்சாகின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. 1992இல் முத்தையா முரளிதரன் டெஸ்ட் அணிக்குள் வந்த செய்தியும் அவ்வழியாகவே பலருக்கு எட்டியது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. டிசெம்பர் 5இல் யாழ். நகரில் அரசபடையினர் கொடியேற்றினர். அதே டிசெம்பர் 26இல் மெல்பேர்ண் மைதானத்தில் நடுவர் டரல் ஹெயார், முரளிதரனின் பந்துகளை ‘எறிபந்து’ என்று ஏழு தடவை அறிவித்தார். தென்மராட்சியிலும் வன்னியிலும் மரநிழலில் இருந்த மக்களுக்கு அச்செய்தி எப்படிப் பட்டிருக்கும்? தம்மைத் துரத்திய அரசின் கொடிக்குக் கீழ் ஆடும் ஒருவர். ஆயினும் தம் மொழி பேசும் ஒருவர். அவரை நம்மவர் என்பதா, இல்லை என்பதா என்ற தர்க்கம் கூடாரங்களுக்குள்ளேயே இரண்டுபட்டது. அவருக்காக எழுந்து நின்ற அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க சிங்களவர் என்பதும் அத்தர்க்கத்தைச் சிக்கலாக்கியது.

முரளிதரன் 2010 ஜூலையில் காலியில் 800ஆவது இலக்கைக் கைப்பற்றி ஓய்வுபெற்றார். 1948இல் குடியுரிமை மறுக்கப்பட்ட மலையகச் சமூகத்திலிருந்து வந்து, கண்டியில் கற்று, உலகில் எவரும் எட்டாத எண்ணிக்கையை எட்டியவர் அவர். ரசல் ஆர்னோல்டும் கொழும்பில் வளர்ந்தவர். சதாசிவம், முரளிதரன், ஆர்னோல்ட் ஆகிய மூவரையும் யாழ்ப்பாணம் கொண்டாடியது. ஆயினும் மூவரில் எவரும் யாழ்ப்பாணத்துப் பாடசாலை மைதானத்தில் உருவானவர் அல்லர் என்பதை நாம் கவனிக்கத் தவறினோம். நம் பெயர் சொல்லப் பிறர் இருந்தமையால் நம் மைதானத்தின் நிலையை நாம் கேட்கவில்லை. போருக்குப் பின்னரும் குடாநாட்டுப் பையன்கள் நீண்டகாலம் விரிப்பு ஆடுகளத்திலேயே பழகினார்கள். விரிப்பில் பந்து ஒரே சீராக எழும். புற்றரை ஆடுகளத்தில் அப்படியன்று. விரிப்பில் நூறு ஓட்டங்கள் பெற்ற துடுப்பாட்டக்காரர் கொழும்புக்குப் போய்ப் புற்றரையில் தடுமாறுவார். தெரிவாளர் அவரைத் தகுதி போதாதவர் என்று எழுதுவார். இனவாதம் என்று நாம் எழுதுவோம். இரண்டு பக்கமும் தத்தம் கூற்றில் உறுதியாயிருக்க, ஆடுகளம் மட்டும் அப்படியே கிடக்கும்.

2020இல் இத்தர்க்கம் புதிய வடிவம் பெற்றது. அவ்வாண்டு தொடங்கிய லங்கா பிரிமியர் லீக்கில் ‘ஜவ்னா ஸ்ராலியன்ஸ்’ என்ற பெயரில் ஓர் அணி இருந்தது. யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி. ஆனால் தொற்றுநோய் காரணமாக எல்லாப் போட்டிகளும் பார்வையாளர் இன்றி அம்பாந்தோட்டையிலேயே நடந்தன. தலைவர் திசர பெரேரா. முன்னணி வீரர்கள் வனிந்து ஹசரங்க, தனஞ்சய டி சில்வா, பாகிஸ்தானின் சொயிப் மலிக் ஆகியோர். குழாமில் வடக்கின் இளைஞர்கள் சிலர் சேர்க்கப்பட்டிருந்தும் முதற் போட்டிகளில் அவர்கள் வெளியிலேயே இருந்தனர். பெயரில் மட்டும் யாழ்ப்பாணமா என்ற கேள்வி நல்லூரிலிருந்து ரொறன்ரோவரை எழுந்தது.

அவர்களுள் ஒருவர் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த். பெருஞ்சமரில் ஆடியவர்; மணிக்கட்டினால் பந்தைச் சுழற்றுபவர். அவரை இறக்கு என்று ஒரு சாரார் கேட்டனர். மறுசாரார் கேட்டதும் நியாயமானதே: அணியில் ஹசரங்க இருக்கிறார், அவரும் அதே வகைப் பந்துவீச்சாளர், நாட்டின் மிகச்சிறந்தவர், அவர் இருக்கையில் இன்னொருவர் எதற்கு? ஹசரங்க அத்தொடரில் 17 இலக்குகள் வீழ்த்தித் தொடரின் சிறந்த வீரரானார் என்பதையும் மறக்கலாகாது. டிசெம்பர் 4ஆம் நாள், தமது 19ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாள், கொழும்பு அணிக்கு எதிராக வியாஸ்காந்த் களமிறக்கப்பட்டார். அவர் வீழ்த்திய இலக்கு அஞ்சலோ மத்யூஸ். இலங்கையின் முன்னாள் அணித்தலைவர் அவர். டிசெம்பர் 16இல் ஸ்ராலியன்ஸ் அணி காலி அணியை 53 ஓட்டங்களால் வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது.

அன்று பலர் அத்துடன் திருப்தியடைந்தார்கள். ‘நம்மவருக்கு ஓர் இடம்’ கிடைத்துவிட்டது. ஆனால் அந்த இளைஞர் அத்துடன் நிற்கவில்லை என்பதே இக்கதையின் சிறப்பு. பங்களாதேஷ், ஐக்கிய அரபு இராச்சியத் தொடர்களில் ஆடினார். 2023 ஒக்ரோபரில் ஆசிய விளையாட்டு விழாவில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக இலங்கை அணியில் இடம்பெற்றார். 2024இல் ஐ.பி.எல். தொடரின் சன்றைசர்ஸ் ஹைதராபாத் அணி, காயமுற்ற தன் வீரர் ஒருவருக்குப் பதிலாக அவரை அழைத்தது. காயமுற்ற அந்த வீரர் வேறெவருமல்லர், வனிந்து ஹசரங்கதான். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணியில் எவருக்கு அடுத்த இடத்தில் நின்றாரோ, அவரின் இடத்துக்கே ஹைதராபாத் அழைத்தது. அந்த அணிக்கு யாழ்ப்பாணத்தின் மீது கடப்பாடு ஏதுமில்லை. தமிழர் மனம் குளிரவேண்டும் என்ற எண்ணமும் இருந்திராது. அவர்கள் பார்த்தது பந்தை மட்டுமே. மே 8ஆம் நாள் லக்னோ அணிக்கு எதிராக நான்கு ஓவர்கள் வீசி 27 ஓட்டங்களே கொடுத்தார். இலக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் பந்துவீச்சாளராகவே எடைபோடப்பட்டார்.

இரண்டு அழைப்புகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நம் இரசிகர்கள் சிந்திக்கவேண்டும். ‘நம்மவருக்கு ஓர் இடம்’ என்று கேட்டால், கிடைக்கும்போது ஓர் இடமே கிடைக்கும். அந்த ஒருவர் இரண்டு ஓவர்களில் முப்பது ஓட்டங்கள் கொடுத்துவிட்டால் ஓர் இனமே தோற்றதாகச் சோர்வோம். மூன்று இலக்கு வீழ்த்தினால் ஓர் இனமே வென்றதாக வெடி கொளுத்துவோம். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனின் தோளில் ஏற்றக்கூடிய சுமையன்று அது. ஏனைய பத்துப் பேரும் பந்தை மட்டும் வீசுகிறார்கள். அவன் மட்டும் வரலாற்றையும் சேர்த்து வீசவேண்டியிருக்கிறது.

தெரிவுக்குழுக்களில் பாரபட்சமே இல்லை என்று சொல்ல வரவில்லை. மேற்கிந்தியத்தீவுகளிலும் அமெரிக்காவிலும் இருந்தது. இங்கு மட்டும் இருந்திராது என்று நம்புவதற்கு நம் நாட்டின் வரலாறு இடமளிக்கவில்லை. ஆனால் பாரபட்சத்தை நிரூபிப்பதற்கும் ஒப்பிடத்தக்க இருவர் வேண்டும். ஒரே தரத்து ஆடுகளத்தில், ஒரே தரத்து எதிரணிகளுக்கு எதிராக இருவரும் ஆடியிருந்தால்தான் ஒருவர் ஒதுக்கப்பட்டதை எண்களால் காட்டமுடியும். பாதை இல்லாதவிடத்து அநீதிக்குச் சாட்சியும் இல்லாமற் போகிறது.

சதாசிவம் தலைமை தாங்கிய அந்த 1948 போட்டியில் ஒரு வேடிக்கை நடந்தது. அவுஸ்திரேலியா 8 இலக்கு இழப்புக்கு 184 ஓட்டங்கள் பெற்று ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது. பிறட்மன் பெற்றது 20. இலங்கை 2 இலக்கு இழப்புக்கு 46 ஓட்டங்கள் பெற்றிருந்தபோது மழை குறுக்கிட்டது. 22 யார் நீளம் இருக்கவேண்டிய ஆடுகளம் 20 யாராகவே அளக்கப்பட்டிருந்தது பிறகே தெரியவந்தது. தலைவர் இவரா அவரா என்ற பேச்சில் முழுகியிருந்த ஊரில், ஆடுகளத்தை ஒருவரும் சரியாக அளக்கவில்லை.

2025 செப்ரெம்பரில் மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் பெரிய மைதானம் ஒன்று பெரிய வீரரை உருவாக்குவதில்லை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தீவகத்திலும் புற்றரை ஆடுகளங்கள், பயிற்றுநர்கள், தென்னிலங்கைப் பாடசாலைகளோடு ஆண்டு முழுவதும் ஆடும் வாய்ப்பு, கல்லூரி மதிலுக்கு வெளியே நிற்கும் பையனும் உள்ளே வரக்கூடிய கழக அமைப்பு ஆகியவையே கேட்கப்படவேண்டியவை. அவை வந்தால் ஓர் இடத்துக்கு நம்மவர் ஐவர் போட்டியிடுவர்; நால்வர் வெளியில் இருக்க நேரும்; அவர்களின் ஊரவர்கள் தெரிவாளரைத் திட்டுவர்.

பங்குனியில் எழும் தர்க்கம் அப்போதும் ஓயாது, ஓயவும் வேண்டாம். சிறந்தவர் இவரா அவரா என்று மட்டும் வாய் வலிக்கத் தர்க்கிக்கும் உரிமை சாதாரணமானதன்று. யாழ்ப்பாணத்துக்கு அது இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை.